காற்று எனக்கு வலப்பக்கம்

நம்மிடையே ஓர் இனம் வாழ்கிறது. வழி உரிமைக்காரர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். உருவத்தை வைத்து அடையாளம் காண முடியாது. எதிரே ஒருவர் வரும்வரை அவரும் நம்மைப் போலத்தான் இருப்பார். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலத்தின் நடுவில், கல்யாணப் பந்தியில் இரண்டு வரிசைக்கு இடையே, வங்கியின் பாதி திறந்த கதவில் இன்னொரு மனிதர் எதிர்ப்பட்டதும்தான் இனம் வெளிப்படும். நெஞ்சு நிமிரும். கால் ஊன்றும். "நான்தான் முதல்ல வந்தேன்" என்று வாய் சொல்லும். வாய் சொல்லாவிட்டால் புருவம் சொல்லும். ஒதுங்க இடமில்லையா? தாராளமாக இருக்கிறது. ஒதுங்கினால் உரிமை போய்விடுமே, அதுதான் சங்கடம்.

இந்த இனத்தின் மிக அரிய வகை பாய்மரப் படகு வகை. அதைக் கடற்கரையில் தேடாதீர்கள். கடலிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி, திண்டுக்கல் பேகம்பூரில், என் எதிர் வீட்டில் இருக்கிறது.

அப்துல் ஹக்கீம் தோல் வியாபாரி. மண்டபம் பக்கம் ஒரு பயிற்சி முகாமில் இரண்டு நாள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார். கூடப் போனவர் ராயப்பராஜ், பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் திரும்பி வரும்போது கருவாடு வாங்கி வருவார்கள் என்று இரண்டு வீட்டிலும் எதிர்பார்த்தார்கள். ஒரு படகை வாங்கிவிட்டு வந்தார்கள். நாலு பேர் உட்காரலாம், ஒற்றைப் பாய், பழைய படகு. அது அங்கேயே கரையில் கிடந்தது. விதிகள் மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தன.

ஆங்கிலத்தில் இருந்த அந்த விதிகளைத் தமிழில் எழுதித் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் யாருக்கு வழி என்று இருந்தது. இரண்டு பாய்மரப் படகுகள் எதிர்ப்பட்டால், காற்றை வலப்பக்கம் வாங்கி வருவதற்கு வழி. இடப்பக்கம் வாங்கி வருவது ஒதுங்க வேண்டும். பாய்மரத்துக்கு எஞ்சின் படகு ஒதுங்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில், வலை இழுக்கும் படகுக்குப் பாய்மரமும் ஒதுங்க வேண்டும் என்றும், வழி உன்னுடையதாகவே இருந்தாலும் மோதல் வரும் என்று தெரிந்தால் நீயே விலகிவிடு என்றும் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். மறுநாள் முதல் பக்கம் மட்டும் லேமினேட் ஆகி ஹக்கீமின் சட்டைப் பையில் இருந்தது.

"ரெண்டாவது பக்கம் எங்க மாமா?"

"அது பொதுப்புத்திதானேம்மா. அதைப் போயி யாராவது லேமினேட் பண்ணுவாங்களா?"

கடலுக்குப் போக வாரக் கடைசி வர வேண்டும். கற்ற வித்தை அதுவரை காத்திருக்குமா? ஆடி மாதம் வேறு. எங்கள் ஊரில் மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும் மாதம். ஹக்கீம் ஸ்கூட்டரில் ஏறியதும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்குவார். சந்தேகம் வந்தால் தெருமுக்கில் இருக்கும் கட்சிக் கொடிகளைப் பார்த்துக்கொள்வார். காலையில் வடக்கே கடைக்குப் போகும்போது காற்று இடப்பக்கம். எனவே தள்ளுவண்டிக்கும், பால்காரருக்கும், ஒருமுறை நடுரோட்டில் படுத்திருந்த நாய்க்கும்கூட ஒதுங்கி நின்று, இவரைவிடப் பணிவான மனிதர் ஜில்லாவில் உண்டா என்று பார்ப்பவர் நினைக்கும்படி போவார். மாலையில் தெற்கே வீடு திரும்பும்போது காற்று வலப்பக்கம். அப்போது தண்ணீர் லாரியே வந்தாலும் இம்மி நகர மாட்டார். போகும்போது பூனை, வரும்போது புலி. லாரி டிரைவர் தலையை நீட்டிக் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஹக்கீம் சொன்ன பதிலை எழுதலாம்: "காத்து எனக்கு வலப்பக்கம்."

ஒரு சாயங்காலம் காற்று அடியோடு நின்றுபோனது. அன்றைக்கென்று பார்த்து எங்கள் சந்தில் தெற்கு நோக்கி ஹக்கீம் வந்தார், வடக்கு நோக்கி ராயப்பராஜ் வந்தார். இரண்டு ஸ்கூட்டரும் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டு விரல்கள் நாக்குக்குப் போய் மேலே எழுந்தன. ஒன்றும் படவில்லை. முதல் பக்கத்தில் இதற்கு விதி இல்லை. இருவரும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் தண்ணீர் கேன் ஏற்றிய ஆட்டோவோடு முகமது ரஃபீக் வந்து மாட்டிக்கொண்டான்.

"என்ன அத்தா, ரோட்டை மறிச்சு நிக்கிறீக?"

"காத்து இல்லப்பா. வரட்டும்னு நிக்கிறோம்."

ரஃபீக் இறங்கி வந்து நாலு டயரையும் அமுக்கிப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கு?"

"வண்டிக் காத்து இல்ல தம்பி, வானத்துக் காத்து" என்றார் வாத்தியார்.

ரஃபீக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "எப்பருந்துக்கா இப்படி?" என்றான்.

இதையெல்லாம் மாடியில் துணி எடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் ஹக்கீமின் மனைவி நசீம் பானு. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் தீர்ப்பு சொல்லவில்லை. விசாரணைக்குத் தேதி மட்டும் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படகில் ஒரே ஒரு தடவை ஏறுவார். இறங்கிய பிறகு அதை வைத்துக்கொள்வதா விற்பதா என்று சொல்வார். ஹக்கீமுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. முப்பது வருஷம் தோல் வாசத்திலேயே இருந்த மனிதர். அந்தப் பாய் முதன்முதலாகக் காற்றைப் பிடித்து உப்பியபோது குழந்தை மாதிரி சிரித்தார் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அது போய்விடுமோ என்ற கவலை.

ஞாயிறு காலை நாலு பேர் படகில் ஏறினோம். சுக்கானில் ஹக்கீம். லேமினேட் அட்டையோடு ராயப்பராஜ். சமோசா டப்பாவோடு நசீம் பானு. மொழிபெயர்த்த பாவத்துக்காக நான். கடல் அமைதியாக இருந்தது. பாய் உப்பியது. நசீம் பானு செத்த நேரம் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அப்புறம் ஒரு கையை எடுத்தார். அப்புறம் இன்னொரு கையையும் எடுத்து டப்பாவைத் திறந்தார். ஹக்கீம் ஓரக்கண்ணால் பார்த்து வாத்தியாருக்குப் புருவத்தை உயர்த்தினார். வழக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடப்பக்கமிருந்து ஒரு எஞ்சின் வள்ளம் குறுக்கே வந்தது. பின்னால் வலையை இழுத்துக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாக வந்தது. அதில் நின்றவர் கையை ஆட்டினார். அவர் பெயர் முனியப்பன் என்று பிறகு தெரிந்தது.

"அண்ணே, வலை கெடக்கு. அங்கிட்டு ஒதுங்குங்க."

ஹக்கீமின் நெஞ்சு நிமிர்ந்தது. எனக்கு அந்த நிமிர்வு தெரியும். தண்ணீர் லாரிக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். "வாத்தியாரே, படிங்க."

ராயப்பராஜ் அட்டையை உயர்த்தி, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குரலில் படித்தார். "பாய்மரத்துக்கு எஞ்சின் படகு ஒதுங்க வேண்டும்."

"கேட்டுச்சா?" என்று ஹக்கீம் கடலைப் பார்த்துக் கத்தினார். "நான் பாய். போதாததுக்குக் காத்து எனக்கு வலப்பக்கம்."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சா எனக்கென்னண்ணே. வலை இந்தப் பக்கம்ல கெடக்கு."

"மாமா, வலை இழுக்கிற படகுக்கு நாமதான் ஒதுங்கணும். ரெண்டாவது பக்கத்துல இருக்கு" என்றேன். எனக்குச் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை.

"அட்டையில இல்லையேம்மா" என்றார் வாத்தியார்.

இரண்டாவது பக்கம் எங்கே? சமோசாவுக்கு அடியில் இருந்தது. எண்ணெய் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்த தாளில் என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது. அதை உருவி நீட்டினேன். ராயப்பராஜ் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். வள்ளம் இருபது முழம் தள்ளி இருந்தது. பிறகு பத்து முழம்.

நசீம் பானு தாளைப் பார்க்கவில்லை. அட்டையையும் பார்க்கவில்லை. வள்ளத்தைப் பார்த்தார். "பாப்பா, இது எதைப் புடிச்சாத் திரும்பும்?" என்றார். நான் கை காட்டினேன். சமோசா டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, கணவரின் கையோடு சேர்த்துச் சுக்கானைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். படகு கிறுகிறுவென்று திரும்பியது. பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசி வந்தது. நாங்கள் நால்வரும் குனிந்தோம். ராயப்பராஜின் கை மட்டும் அட்டையோடு உயர்ந்தே இருந்தது. அட்டை பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. வலையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில், நாங்கள் கடந்தோம்.

"பஸ் ஸ்டாண்டுல பஸ்சு பின்னால வந்தா, யாருக்கு வழின்னு அதுக்கிட்டயா கேப்பீங்க?" என்றார் நசீம் பானு, மூச்சு வாங்கியபடி. "ஒதுங்குவீங்கள்ல."



கரையில் இறங்கிய அரை மணி நேரத்தில் முனியப்பன் வந்தார். கையில் அட்டை. வலையில் மாட்டியதாம், லேமினேட் செய்த புண்ணியத்தில் ஓர் எழுத்தும் அழியவில்லை. "படிச்சுப் பாத்தேண்ணே. அம்புட்டும் எழுதியிருக்கு, வலையைப் பத்தி ஒண்ணையும் காணோமே" என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நசீம் பானு அவருக்கு நாலு சமோசா கொடுத்தனுப்பினார்.

ஹக்கீம் மணலைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் அவரே கேட்டார். "வித்துறட்டுமா?"

"எதுக்கு விக்கணும்? காத்து நல்லாத்தான இருக்கு" என்றார் நசீம் பானு. முந்தானையில் கையைத் துடைத்தார். "இனிமே அந்தத் திருப்புற சுக்கான் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அந்த இனத்துக்குத் திருந்தத் தெரியாது. இடம் மாறத்தான் தெரியும். ஹக்கீம் இப்போது யாருக்கும் ஒதுங்குகிறார். காற்று எந்தப் பக்கமானாலும் ஒதுங்குகிறார். அதே பயிற்சி பெற்ற ராயப்பராஜும் ஒதுங்குகிறார். போன செவ்வாய்க்கிழமை இருவரும் எங்கள் சந்தில் எதிர்ப்பட்டு, ஆளுக்கொரு சுவரோரம் ஸ்கூட்டரைச் சாய்த்துக்கொண்டு, "நீங்க போங்க", "இல்ல, நீங்க போங்க" என்று கால் மணி நேரம் நின்றார்கள். ஒதுங்குவதிலும் யாருக்கு முதல் உரிமை என்று பார்க்க வேண்டாமா? நடுவில் வழி அகலமாகக் கிடந்தது. ரஃபீக்கின் ஆட்டோ அதில் புகுந்து, ஹாரன்கூட அடிக்காமல் போய்விட்டது.

இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் பாலத்தையும் பந்தியையும் வங்கிக் கதவையும் சொன்னபோது, உங்களுக்கு எதிரே வந்து நின்ற யாரோ ஒருவரின் முகம் ஞாபகம் வந்ததல்லவா? "ஆனால் அன்றைக்கு நியாயமாக எனக்குத்தான் வழி" என்று மனசு மெல்ல முனகியதல்லவா? போகட்டும். விரலை மட்டும் நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார்.