மேல் எல்லை இல்லாத பத்திரம்

சர்ர்ர்... டப்!

ராத்திரி ஒன்பதரைக்கு மொட்டைமாடியில் அந்தச் சத்தம் கேட்டபோது, இசக்கிச்செல்வி எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குற்றாலச் சாரலில் கதவு ஊதிப்போய், இரண்டு மாதமாகத் தாழ்ப்பாள் குழியில் விழவில்லை. வீட்டுக்காரர் பட்டாளத்தில். கான்வென்டில் படித்த ஜெபமெல்லாம் வரிசையாக வாயில் வந்தது. தாழ்ப்பாள் மட்டும் வழிக்கு வரவில்லை.

வெளிப்படியில் இறங்கி வந்தவர்கள் திருடர்கள் இல்லை. அதைவிடப் பெரிய இடம். இரவொளி ஒழுங்குமுறைத் தனிப்பிரிவு அதிகாரி ஸ்ரீகணேஷ். பின்னால் அளவு நாடாவோடு உதவியாளர் சொரிமுத்து.

"எம்புட்டு வந்துச்சுவே?"

"மூணு மீட்டர் சார். அதுக்கு மேல நாடா மடங்கிட்டு. மிச்சம் தொண்ணூத்தொம்பது கிலோமீட்டர் சொச்சம் கிடக்கு."

"அதைத் தோராயம்னு போடும்."

முற்றத்துக்கு வந்த செல்வியிடம் அதிகாரி நோட்டீஸை வாசித்தார். "தங்கள் மனைக்கு நேர் மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், இரவு நேரத்தில் அனுமதியின்றிப் புற ஊதா ஒளி ஒளிர்வதைச் செயற்கைக்கோள் கண்டறிந்துள்ளது. இன்றிரவே அணைக்கத் தவறினால் மின் இணைப்பு துண்டிக்கப்படும்."

கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் குழந்தை மேலகரம் ஊரையே எழுப்பிவிடும்.

"சார், அது வானம். எங்களோடது இல்ல."

"பத்திரத்தைப் பாரும்மா. கிழக்கே ரோடு, மேற்கே ஓடை, வடக்கே தெக்கே வீடு. மேல் எல்லைன்னு எங்கனயாவது போட்டிருக்கா? போடலை. அப்போ மேல உள்ளது பூரா உங்களோடதுதான்."

"கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்தை எப்படி சார் அணைக்க?"

"தெரியலைன்னா மறைச்சு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அதுக்குத் தனி நோட்டீஸ் வரும்."

செல்வி அறிவியல் பாடத்தைத் துணைக்கு அழைத்தாள். "பகல்ல சூரியன் காத்துல சேந்து கிடக்கிற அணுக்களைத் தனித்தனியாப் பிரிச்சு விடுது. ராத்திரி அதெல்லாம் ஒண்ணு கூடும்போது வெளிச்சம் வருது. அம்புட்டுதான்."

"ராத்திரி ஒண்ணு கூடுதா? எத்தனை?"

"கோடானுகோடி சார்."

"எழுதும் சொரிமுத்து. அனுமதி பெறாத கூட்டம்."

அப்போது பக்கத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரு முகம் எழும்பியது. ஜோதிலட்சுமி. ராத்திரிக் கறுப்புக் கண்ணாடி, ராத்திரி வெயில் க்ரீம். ராத்திரி வெளிச்சச் சேதி பரவியதிலிருந்து தென்காசியில் இந்த வாரம் இதுதான் நாகரிகம்.

"ஏட்டி செல்வி, உன் வெளிச்சத்துல என் தோலே கறுத்துட்டு!"

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "தோல் கறுக்குமா?"

"பகல்ல வெயிலோட வருமே, அந்தப் புற ஊதா வகைதான்" என்றாள் செல்வி. "அது எங்க வீட்டுக்கு மேல மட்டும் இல்ல சார். உங்க ஆபீசுக்கு மேல, உங்க தலைக்கு மேல, எல்லார் தலைக்கு மேலயும் இருக்கு. ஆனா கீழ..."

'வராது' என்ற சொல் வருவதற்குள் முற்றம் காலி. அதிகாரி நோட்டீஸ் ஃபைலைத் தலையில் கவிழ்த்தபடி வீட்டுக்குள் ஓடினார். சொரிமுத்து நாடாவோடு பின்னால். சுவர் ஏறிக் குதித்த ஜோதிலட்சுமி இருவரையும் முந்திவிட்டாள்.

முற்றத்தில் தனியாக நின்ற செல்வி அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. கீழே வராது என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள்தான். இருந்தாலும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள்.

பின்னால் மூன்று பேர் மூச்சுப் பிடித்துத் தள்ளும் சத்தம். இரண்டு மாதமாக அவளுக்கு மசியாத தாழ்ப்பாள், 'டக்' என்று உள்ளேயிருந்து விழுந்தது.