படிப்பை ஓராண்டு தள்ளிவைத்தது குறித்து ஒரு திருத்தம்

எல்லர்ஸ்லி, ஆக்லாந்து
18 பெப்ரவரி 2025

'தென்முனை' காலாண்டிதழின் ஆசிரியர் திரு. கேதீஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பதைச் சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கண்டு மகிழ்ந்தேன். கிட்ட வந்து சுகம் விசாரிக்காததற்கு மன்னிக்க வேண்டும். அதற்கான காரணம் இக்கடிதத்தில் வரும். சுருக்கமாக எழுத எண்ணி முதலில் குறிப்பு எடுத்தேன். குறிப்பே இரண்டு பக்கம் வந்துவிட்டது.

தங்கள் சென்ற இதழின் ஏழாம் பக்கத்தில் என் படத்துடன், 'அறுபத்தொன்பது வயதில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கப் போகிறார் குலசிங்கம் ஐயா' என்று ஒரு செய்தி வந்திருந்தது. படம் என்னுடையதுதான். மற்றவற்றில் திருத்தம் தேவைப்படுகிறது. எனக்கு இடம் கிடைத்தது கலாநிதி (பிஎச்.டி.) பட்டத்துக்கு அல்ல, புவியியலில் முதுமாணி (எம்.ஏ.) பட்டத்துக்கு. அதற்கும் இந்த ஆண்டு நான் போகப் போவதில்லை. ஓராண்டு தள்ளிவைக்கும்படி விண்ணப்பித்துவிட்டேன். ஒரு முறை மட்டுமே தள்ளிவைக்கலாம். அடுத்த ஆண்டும் போகாவிட்டால் இடம் போய்விடும், முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். என்னைத் தெரிவுசெய்யும் தவறை அவர்கள் இரண்டாம் தடவையும் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தச் செய்தி தங்களுக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதில் தங்கள் பிழை எதுவுமில்லை. விண்ணப்பத்துடன் என் பழைய பட்டச் சான்றிதழின் பிரதியை ஒரு சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருந்தது. நமது சங்கத் தலைவர் தியாகலிங்கம் சமாதான நீதவானும் ஆவார் என்பதால் அவரிடம் போனேன். புதன்கிழமை அவர் முத்திரை குத்தினார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "படிச்சு முடிச்சாப் பிறகு செய்யலாமே" என்று நான் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, உங்கட வயசிலை அதை நம்பி மண்டபம் புக் பண்ணேலாது" என்றார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். முதுமாணி கலாநிதி ஆனது அந்தப் பேச்சின் முப்பதாவது நிமிடத்தில் என்று நினைக்கிறேன். எழுந்து திருத்தியிருக்க வேண்டும். பொன்னாடையுடன் எழுந்து நின்று மறுப்புத் தெரிவிக்கும் முறை எனக்குத் தெரியவில்லை.

இனிக் காரணத்துக்கு வருகிறேன். என் மனைவி ஸ்வர்ணாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்களுக்குக் கலியாணமாகி நாற்பத்தொரு வருடம், அவளுக்கு வயது அறுபத்து நான்கு, இதுவரை வெளியில் வேலைக்குப் போனதில்லை. இங்கே பக்கத்திலுள்ள அலுவலகக் கட்டடம் ஒன்றின் உணவகத்தில் சமையல் உதவியாளர் வேலை, மார்ச் மூன்றாம் திகதி தொடங்குகிறது. எங்கள் மகள் நகர மையத்தில் வேலை செய்துவிட்டு ஆறு மணிக்குப் பிறகுதான் வருவாள். பேத்தி ராகவியைப் பாடசாலையிலிருந்து மூன்று மணிக்குக் கூட்டி வருவது இதுவரை ஸ்வர்ணாவின் பொறுப்பு. என் வகுப்புகளோ செவ்வாயும் வியாழனும் பிற்பகலில். நான் பென்ரோஸில் ஒரு களஞ்சியசாலையில் பத்தொன்பது வருடம் எட்டரையிலிருந்து ஐந்து மணிவரை சரக்குச் சரிபார்த்தவன். வேலை என்றால் அதன் நேரம் எனக்குத் தெரியும். ஆகவே மூன்று நிறப் பேனைகளால் ஒரு நேர அட்டவணை தயாரித்தேன். எப்படிக் கோடு போட்டாலும் வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணிக்கு ஒரு பிள்ளை பாடசாலைக் கேற்றடியில் தனியே நின்றது. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானே முடிவெடுத்தேன்.

தள்ளிவைப்பதற்கான படிவத்தில், வாழ்க்கையில் ஏற்பட்ட பெரிய மாற்றம் எது என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைப்பேறு, திருமணம், மரணம், கடும் நோய், வேறு என்று ஐந்து கட்டங்கள். 'வேறு' என்பதில் குறியிட்டு, 'என் மனைவிக்கு வேலை கிடைத்துவிட்டது' என்று எழுதினேன். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, வாழ்த்துகள், ஆனால் இதில் உங்களுக்கு என்ன மாற்றம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கினேன். ஒரு பக்கத்துக்கு மேற்படாத ஆதாரம் அனுப்பச் சொன்னார். ஸ்வர்ணாவின் நியமனக் கடிதம் மேசை லாச்சியில், சோற்றுப் பானையின் உத்தரவாத அட்டைக்குக் கீழே இருந்தது. இன்னொருவருடைய கடிதத்தைத் தேவைக்கு மேல் வாசிப்பது முறையல்ல என்பதால் முதற் பக்கத்தை மட்டும் நூலகத்தில் பிரதி எடுத்து அனுப்பிவிட்டு, கடிதத்தை இருந்தபடியே வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை வேண்டாம் என்றுவிடுவாள். அவர்கள் கொடுத்த ஏப்ரனை அவள் இதுவரை மூன்று தடவை அயன் பண்ணிவிட்டாள்.

இதன் பிறகு நடந்தவை என் கவனக்குறைவால் நடந்தவை. தெருமுனை டெய்ரிக் கடையில் பால் வாங்கப் போனபோது, அடுத்த தெருவில் இருக்கும் மலேசியக்காரர் சிவசாமியைச் சந்தித்தேன். "படிப்பு எப்ப சார் ஆரம்பம்?" என்று கேட்டார். இந்த வருடம் இல்லை, வீட்டு நிலைமை அப்படி என்றேன். அவர் என் கையிலிருந்த பாலை வாங்கித் தான் பிடித்துக்கொண்டு, "டாக்டரு என்னா சார் சொன்னாரு?" என்றார். "டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்று மாலையே அவர் வீட்டிலிருந்து மீன் கறி வந்தது. அடுத்த நாள் யார் யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள், சனிக்கிழமைக்குள் ஏழு பாத்திரங்கள் சேர்ந்தன. "என்னப்பா, ஏன் எல்லாரும் எங்களுக்குச் சாப்பாடு தருகினம்?" என்று ஸ்வர்ணா கேட்டாள். "நீர் வேலைக்குப் போகப் போறீர் எண்டு உதவி செய்யினம்" என்றேன். "அப்ப இனி என்ர சமையல் வேண்டாமோ?" என்று கேட்டவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தியாகலிங்கம் அழைத்தார். "அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. எவ்வளவு காலம் குடுத்திருக்கினம்?" படிப்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எண்ணி, "ஒரு வருசம்" என்றேன். அவர் பேசாமல் இருந்ததை நான் கேட்டது அதுதான் முதற் தடவை. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஆயுள் விருத்தி வேண்டி அர்ச்சனை நடந்தது. செய்வித்தவர்களின் மனம் நோகக்கூடாது என்று நானும் கும்பிட்டேன், அதன் பின்தான் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். குலசிங்கம் படிக்க இருப்பது கலாநிதிப் பட்டத்துக்கு அல்ல, இந்த ஆண்டும் அல்ல, அவருக்கு இரத்த அழுத்தம் தவிர வேறு நோயும் இல்லை. பொன்னாடை மடிப்புக் குலையாமல் இருக்கிறது. திருப்பித் தரும் வழக்கம் சங்கத்தில் உண்டா என்பதைத் தாங்கள் விசாரித்துச் சொன்னால் நல்லது.

இன்னொன்று, இது பிரசுரத்துக்கு அல்ல. படிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலை டிசம்பரில் அனுப்பியிருந்தார்கள். அவற்றில் முதலாவதை எடுத்து முதல் அத்தியாயத்தை நான்கு தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் முந்திய தடவையை விடக் குறைவாகவே விளங்கியது. வகுப்பில் மற்றவர்களுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். தள்ளிவைக்கும் படிவத்தை அனுப்பிய அன்றுதான் டிசம்பருக்குப் பிறகு முதன்முறையாக நன்றாகத் தூங்கினேன். ஏன் என்று நான் ஆராயவில்லை.

தங்கள் இதழ் காலந்தவறாது வெளிவரவும், தங்கள் முழங்கால் வலி குளிர்காலத்துக்கு முன் தணியவும் வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கும் என் அன்பான விசாரிப்புகள். அவர் அனுப்பிய கத்தரிக்காய்க் கறி நன்றாக இருந்தது. பாத்திரம் கழுவி வைத்திருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சி. குலசிங்கம்

பின்குறிப்பு, 21 பெப்ரவரி: மேலே எழுதிய எதையும் பிரசுரிக்க வேண்டாம். எழுத்துப் பிழை இருக்குமோ என்று கடைசியாக ஒரு தடவை பார்ப்பதற்காக உறையை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன். ஸ்வர்ணா எடுத்து, நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டாள். "எனக்கு வேலை காலமை ஆறரையிலையிருந்து ஒண்டரை வரைக்கும். பிள்ளையை மூண்டு மணிக்கு நான்தான் கூட்டியரப் போறன். ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டனீங்களோ?" என்றாள். கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். "நீங்கள் படிக்கப் போனா நான் வீட்டிலை தனிய இருந்து என்ன செய்யிறது எண்டுதானே இந்த வேலைக்கே எழுதிப்போட்டனான்" என்றாள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திரும்ப எடுத்து, தூக்கத்தைப் பற்றி எழுதிய இடத்தை இன்னொருமுறை வாசித்தாள். "பயமெண்டாப் பயமெண்டு சொல்லுங்கோ. அதை என்ர வேலையிலை கொண்டுவந்து போடாதேங்கோ." இதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நேற்று அவளே என்னை ரயிலில் நகர மையத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிப்போனாள். தள்ளிவைக்கக் கேட்ட என் விண்ணப்பம் பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை, திரும்பப் பெறலாம் என்றார்கள். திரும்பப் பெறுவதற்கான காரணம் என்ன என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். நான் ஸ்வர்ணாவைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரணம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன், அந்தப் பெண்ணும் அப்படியே பதிந்துகொண்டார். முதல் வகுப்பு மார்ச் நான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணிக்கு. பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.