மிலோய்காவின் எலும்பில் பாதரசம்

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர் இத்ரியாவில் எங்கே கூட்டம் என்று கேட்டால், தேவாலயத்தில் இல்லை, மதுக்கடையிலும் இல்லை. செவெரின் மாஸ்டர் வீட்டு வாசலில்! நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். எல்லோரும் மலையேறி ஓடுகிற திடகாத்திரமான ஆட்கள். ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நோய் கைக்கடிகாரத்துக்கு.

சிரிக்காதீர்கள். அந்த வரிசையில் பதினேழாவதாக நானும் நின்றேன்.

எங்கள் ஓட்டக் கிளப்பில் அந்த வசந்தத்தில் எல்லோரும் சேர்ந்து மொத்தமாகப் புதுக் கடிகாரம் வாங்கினோம். பழசுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் புதுசு வந்துவிட்டதே, விட முடியுமா? புதுசு செயற்கைக்கோளைப் பிடித்து வழி காட்டும். நாடியை எண்ணும். நீ தூங்கிய தூக்கத்துக்கு மார்க் போடும். ஒன்றே ஒன்றுதான் செய்யாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. பாதி மலையில் நிற்கும்போது திரை கறுத்துவிடும். இத்தனைக்கும் பெட்டியின் மேல் இருபது மணி நேரம் என்று அச்சடித்திருந்தார்கள்.

பெட்டிக்குள் ஒரு கையேடும் இருந்தது. என் வீட்டில் அது ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் போயிற்று. மற்றவர்கள் அந்த மரியாதைகூடக் கொடுக்கவில்லை.

செவெரின் வெளியூர்க்காரர். முன்பு வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வியாபாரம் படுத்த அதே மாதத்தில் அவர் கைகளில் பிரபஞ்ச சக்தி வந்து இறங்கியது. என்ன பொருத்தம் பாருங்கள்! நூலில் கட்டிய பித்தளைக் குண்டைக் கடிகாரத்துக்கு மேல் பிடிப்பார். நேராக ஆடினால் நலம், வட்டமாக ஆடினால் தோஷம். அது நேராக ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"என்ன மாஸ்டர், பேட்டரி போயிடுச்சா?" என்று கேட்டாள் எனக்கு முன்னால் நின்ற தபால் ஆபீஸ் ஸ்வோன்கா.

"பேட்டரி நல்லாத்தாம்மா இருக்கு. சார்ஜை யாரோ இழுக்குறாங்க." கண்ணை மூடிக்கொண்டார். "பாதரசம் இழுக்குது."

இத்ரியாவில் இந்த ஒரு வார்த்தை போதும். ஐந்நூறு வருஷம் பாதரசம் தோண்டிய ஊர் இது. எங்கள் படுக்கையறைக்குக் கீழேயே சுரங்கம் போகிறது. மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பயம் மட்டும் மூடவில்லை.

"சுரங்கத்தை மூடிட்டாங்க, சரி. எலும்புல ஏறினதை யாரு மூடுறது?" என்றார் மாஸ்டர். "அப்பன் எலும்புல இருந்து பிள்ளை எலும்புக்கு இறங்கிடும்மா. புதுக் கடிகாரத்துக்கு அடியில நாடி பார்க்குற பச்சை விளக்கு எரியுதுல்ல? அது அந்த எலும்பைப் பார்த்ததும் சார்ஜையெல்லாம் அங்க கொட்டிடுது. உங்க கூட்டத்துல யாருக்கு மட்டும் சார்ஜ் குறையவே இல்லை? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தோம். வெகுகாலத்துக்குப் பிறகு முதல்முறையாக யோசித்தோம், அதையும் தப்பாக யோசித்தோம். மிலோய்கா!

மிலோய்கா பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஐம்பத்திரண்டு வயது. அவள் அப்பா முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். அவளும் அதே கடிகாரத்தைத்தான் வாங்கினாள். எங்களுடையது எல்லாம் மலையில் செத்து விழ, அவளுடையது மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

பரிகாரத்துக்கு நாற்பது யூரோ. மாஸ்டர் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போவார். கதவைச் சாத்துவார். சக்திக்குக் கூச்சம் அதிகமாம். ஒன்பது நிமிஷத்தில் வெளியே வருவார். "திரையில இருந்த பளபளப்பு போயிருக்கு பாருங்க. நஞ்சு இறங்கின அடையாளம்." நாங்களும் கண் கலங்கப் பார்ப்போம். அந்த வாரம் கடிகாரம் மாடு மாதிரி உழைக்கும். சும்மா சொல்லக் கூடாது, உழைக்கத்தான் செய்தது.

ஆனால் பளபளப்பு இல்லாத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் திரிவது? ஓய்வூதியக்காரன் கடிகாரம் மாதிரி இருக்கிறது என்று, ஆடி அசைகிற அலங்கார முகப்பையும் மற்றதையும் பழையபடி நாங்களே போட்டுக்கொள்வோம். மறுபடி ஐந்து மணி நேரத்தில் சாவு. மறுபடி மாஸ்டர். "திரும்பவும் அந்தம்மா பக்கத்துல ஓடினீங்களா?" என்பார். ஓடியிருப்போம். ஒரே கிளப், ஒரே பாதை. மறுபடி நாற்பது யூரோ.

அதன்பிறகு மிலோய்காவைப் பின்னால் ஐம்பது அடி தள்ளி ஓடச் சொன்னோம். ஓட்டம் முடிந்து பீர் குடிக்கும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. அவள் உள்ளே வந்தால் கடிகாரங்கள் பைக்குள் போகும். நானும் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் போட்டேன்.

கடைசியில் கிளப் தலைவர் போக்டான் தீர்மானம் கொண்டுவந்தார். இவர் இரும்புக்கடைக்காரர். மிலோய்காவைக் கிளப்பிலிருந்து நீக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. இருபத்திரண்டு வருஷம் எங்களோடு ஓடியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் போன பிறகு அவளுக்கென்று இருந்தது இந்தக் கிளப் ஒன்றுதான். அதையும் பிடுங்கப் போனோம்.

வெள்ளிக்கிழமை மாலை கிளப் அறை நிரம்பி வழிந்தது. செவெரின் மாஸ்டருக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி. மிலோய்கா சமையல்கட்டிலிருந்து நேரே வந்தாள். கையில் ஒரு வெள்ளை ஒட்டுநாடாச் சுருளும் பேனாவும்.

"ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி," என்றாள். "இங்க யாரோட அப்பா, தாத்தா சுரங்கத்துல இறங்கலை? அவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. பிறகு மெத்தை நாற்காலியிலிருந்து ஒரே ஒரு கை மெல்ல எழுந்தது.

"அப்போ பாதரச எலும்பு இல்லாத ஒரே ஆளு மாஸ்டர்தான். மத்த எல்லாரும் என்னை மாதிரிதானே?"

"அது... பெண் வாரிசுக்குத்தாம்மா வீரியம் அதிகம்," என்றார் மாஸ்டர்.

"என் அம்மாவோட அப்பாவும் சுரங்கம்தான்!" என்று கத்தினாள் ஸ்வோன்கா. "அப்போ நானும் இழுக்குறேனா?" பக்கத்தில் இருந்தவன் நாற்காலியை நகர்த்திப் போட்டான்.

"விடு ஸ்வோன்கா. மாஸ்டர் சக்தியையே பார்த்துடலாம்," என்றாள் மிலோய்கா. "போக்டான், உன் கடிகாரத்தைக் குடு. முழு சார்ஜா?"

"முழுசு. ஆனா அஞ்சு மணி நேரம்தான் ஓடும்னு காட்டுது. உன் புண்ணியம்!"

மிலோய்கா அதை வாங்கிக்கொண்டாள். கடிகாரத்தின் கண்ணாடியையும் பொத்தான்களையும் சேர்த்து வெள்ளை நாடாவால் ஒரு சுற்றுச் சுற்றினாள். நாடா முடிகிற இடத்தில், எழுத்துகளின் பாதி மேல்நாடாவிலும் பாதி அடிநாடாவிலும் விழும்படி, பேனாவால் 'பீன்ஸ் சூப், வெள்ளி' என்று எழுதினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இப்போ சுத்தம் பண்ணுங்க மாஸ்டர்."

"நாடா சக்தியைத் தடுக்கும்மா."

"எலும்பு, தோல், சட்டை எல்லாத்தையும் தாண்டி பாதரசம் வேலை செய்யுதுன்னீங்க. உங்க சக்திக்கு ஒரு ஒட்டுநாடாவைத் தாண்ட முடியாதா?"

"அதானே!" என்றது பின்வரிசை. அதே வரிசைதான் திங்கட்கிழமை அவர் காலில் விழாத குறையாக நின்றது.

மாஸ்டருக்கு வேர்த்தது. "முடியும். ஆனா உள்ளறையிலதான்."

"தாராளமா!"

காலணிகள் வைக்கிற உள்ளறைக்குள் போனார். ஒன்பது நிமிஷம் பன்னிரண்டு ஆயிற்று. முகமெல்லாம் ஒளியாக வெளியே வந்தார். நாடா சுற்றியபடியே இருந்தது. "பிரிச்சுப் பாருங்க!"

மிலோய்கா சொன்னபடி, எழுத்து இல்லாத பக்கமாக நாடாவைக் கத்தரித்துப் போக்டான் பிரித்தார். பத்தொன்பது மணி நேரம்! அறை அதிரக் கைதட்டினோம். அவ்வளவு நேரம் சந்தேகப்பட்ட நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

"நாடாவைக் குடு," என்றாள் மிலோய்கா. விளக்குக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினாள். "முந்நூறு பிள்ளைங்களுக்குச் சமைக்கிறேன். டப்பாவை நடுவுல யாராச்சும் திறந்தாங்களான்னு தெரிய இப்படித்தான் எழுதுவேன். திறந்து வெளியில வச்ச சூப்பை மறுபடி மூடி வச்சா கண்டுபிடிக்கணும்ல? மேல பாதி எழுத்து எங்க இருக்கு, கீழ பாதி எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க."

எழுத்து பொருந்தவில்லை. 'பீன்ஸ்' என்பதன் மேல்பாதியிலிருந்து அரை விரல் தள்ளிக் கிடந்தது கீழ்பாதி. பிரித்து மறுபடி ஒட்டிய நாடா.

மிலோய்கா ஸ்வோன்காவின் கடிகாரத்தை வாங்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். "மந்திரத்தைச் சத்தமாச் சொல்றேன். திரை எப்பவும் எரியணுமா? வேண்டாம். வானத்துல இருக்குற எல்லா செயற்கைக்கோளையும் ஒரே நேரத்துல பிடிக்கணுமா? நாம நிலாவுக்கா போறோம், வேண்டாம். ஆடுற முகப்பு? சாதா முகப்பு போதும்." ஐந்து என்றிருந்தது பத்தொன்பது ஆயிற்று. "கையேட்டுல முப்பத்தோராம் பக்கம். சூப் கொதிக்கிற நேரத்துல படிச்சேன். முதல் வாரமே சொன்னேன் போக்டான். 'சூப்புக்கு உப்புப் போடுற மாதிரியா இது'ன்னு சிரிச்சே."

மெத்தை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். காலி. கூச்சம் பிடித்த சக்தியோடு மாஸ்டரும் பின்கதவு வழியாகப் போய்விட்டார்.

போக்டான் தீர்மானத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். தன் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "மிலோய்கா, மாஸ்டர் கை பட்டது எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீயே ஒரு தடவை தொட்டுக் குடேன். உனக்கு ஏதோ கைராசி இருக்கு." அவருக்குப் பின்னால் ஸ்வோன்கா. ஸ்வோன்காவுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். வரிசை!

மிலோய்கா கடிகாரத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கோபம்.

"என் அப்பாவுக்குக் கடைசி ஆறு வருஷம் கரண்டி பிடிக்க வரலை. என் பேரே மறந்து போச்சு. நான்தான் ஊட்டி விட்டேன். உங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஐம்பது அடி தள்ளி ஓடச் சொன்னீங்க." கடிகாரத்தைப் போக்டான் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். "அவர் மூளையைப் பாதரசம் தின்னுச்சு, அதனால வேலை செய்யலை. உங்க மூளையை யாரும் தொடக்கூட இல்லையே, அது ஏன் வேலை செய்யலை?"