கோட்டுக்குள் விழுந்த முயல்

ஒரு காட்டில் கபடிப் பைத்தியம் முற்றிப்போயிருந்தது. புலி முதல் புழு வரை கபடி பேசாத ஜீவன் கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆற்றுக்கு அக்கரைக் காட்டோடு பெரிய போட்டி நடக்கும். இக்கரைக்குப் புலிதான் கேப்டன். ஆட்டக்காரர்களை உற்சாகப்படுத்த இரண்டு காடுகளிலும் ஒவ்வொரு கோஷ்டி இருந்தது. ஆரம்பத்தில் அவை மைதானத்து ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டு சும்மாதான் இருந்தன. பிறகு ஒரு வருடம் அக்கரைக் கோஷ்டியில் யாரோ ஒருவர் இன்னொருவரின் தோளில் ஏறினார். இக்கரைக்காரர்களுக்குப் பொறுக்குமா? அடுத்த வருடம் தோளில் ஏறியவரின் தோளில் ஒருவரை ஏற்றினார்கள். அப்புறம் தூக்கி வீசுவது, அந்தரத்தில் பல்டி அடிப்பது என்று வளர்ந்து, அதற்கென்று தனி நடுவர்கள், தனி மதிப்பெண், தனிக் கோப்பை எல்லாம் வந்துவிட்டன.

இக்கரைக் கோஷ்டியின் உச்சியில் நின்றது ஒரு முயல். மேகலை என்று பெயர். பெயர் சொல்லிவிட்டதால் இனி அவள் என்றே சொல்கிறேன். எடை குறைவு என்பதுதான் அவளுடைய ஒரே தகுதி. குரங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மேலே இருக்கும் குரங்கு அவளை வானத்தைப் பார்த்து வீசும். அவள் பல்டி அடித்து இறங்க, முன்னால் நிற்கும் கரடி இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும். கரடிக்குக் கை தவறினால் பிடிப்பதற்காகப் பின்னால் முள்ளம்பன்றி நின்றது. போயும் போயும் முள்ளம்பன்றியையா நிறுத்துவீர்கள் என்று மேகலை கேட்டதற்கு, அவர் ஒருத்தர்தான் தினமும் நேரத்துக்கு வருகிறார் என்றது கோச் நரி.

கீழே விழுந்தால் கொஞ்சம் மதிப்பெண் போகும். விழுந்து முகத்தைச் சுளித்தால் இன்னும் அதிகமாகப் போகும். நடுவர்களான மயில்கள் அப்படித்தான் விதி வைத்திருந்தன. அதனால் நரி பல்டிக்கு முன்னால் சிரிப்பைத்தான் சொல்லிக்கொடுத்தது. மேகலைக்கு முன்பு உச்சியில் நின்ற அணிலுக்கு இப்போது கழுத்து திரும்பாது. யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்கும். பார்த்ததும் பழக்கதோஷத்தில் சிரிக்கும்.

மேகலைக்குப் பயமாகத்தான் இருந்தது. முயலுக்குக் கால்தான் எல்லாம். சிறுத்தை உலவுகிற காட்டில் கால் போன முயல் இரண்டு நாள் தாங்காது. பின்னே ஏன் ஏறினாள் என்று கேட்பீர்கள். பிறந்தது முதல் புல்லின் அடித்தண்டையே பார்த்து வளர்ந்தவள் அவள். வீசியெறியப்பட்ட அந்த ஒரு நொடியில் ஆறு தெரியும், ஆற்றுக்கு அப்பால் மலை தெரியும். அதற்காக ஏறினாள்.

தரையில் விரிக்க வைக்கோல் மெத்தை ஒன்று இருந்தது உண்மைதான். பாதுகாப்புக் கமிட்டித் தலைவரான காட்டெருமை அதன் தரத்தைப் பரிசோதிக்க வந்து, பெரும்பகுதியைப் பரிசோதித்து முடித்துவிட்டது. மிச்சமிருந்தது முள்ளம்பன்றி உட்காரப் போதுமானதாக இருந்தது.

மைதானத்தின் அந்தப் பக்கம் ஆட்டக்காரர்களுக்கென்று நாரை வைத்தியர் உட்கார்ந்திருக்கும். ஐஸ் கட்டி, முறிந்த எலும்புக்கு வைத்துக் கட்ட மூங்கில் சிம்பு, ஸ்ட்ரெச்சர் எல்லாம் அதனிடம் தயார். கோஷ்டிக்கும் அதைக் கொஞ்சம் வரச் சொல்லக்கூடாதா என்று மேகலை ஒரு நாள் காட்டெருமையிடம் போய்க் கேட்டாள். காட்டெருமை மென்றுகொண்டிருந்ததை முழுங்கிவிட்டுப் பதில் சொன்னது.

"வைத்தியர் ஆட்டக்காரங்களுக்குத்தாம்மா. கோட்டுக்குள்ள அடிபட்டா அது விளையாட்டுக் காயம்."

"வெளிய அடிபட்டா?"

"அது கவனக்குறைவு."

எங்களுக்கும் நடுவர் உண்டே, கோப்பை உண்டே, நாங்களும் போட்டிதானே போடுகிறோம் என்று அவள் மன்றாடிப் பார்த்தாள். நீங்கள் செய்வது உற்சாகம், உற்சாகத்துக்கு எங்கேயாவது கட்டுப் போடுவார்களா என்று காட்டெருமை சிரித்தது. நாரையிடமும் போனாள். நாரை பாவம், நல்ல ஜீவன். எனக்கும் வரத்தான் ஆசை, ஆனால் என் வேலை சுண்ணாம்புக் கோட்டோடு முடிகிறது என்று தலையைக் குனிந்துகொண்டது.

போட்டி நாள் வந்தது. மைதானத்தில் கபடி நடக்க, கோட்டை ஒட்டி வெளியே குரங்குகள் அடுக்காக நின்றன. மயில்கள் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க, மேகலையை உச்சிக் குரங்கு வீசியது. அதே நேரம் பார்த்து உள்ளே புலி எதிரணியில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. காடே கூச்சல் போட்டது. கரடியும் கபடிப் பைத்தியம்தானே, தன்னை மறந்து கைதட்டியது. கைதட்ட அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

மேகலை மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். ஆறு தெரிந்தது, மலை தெரிந்தது, கைதட்டும் கரடி தெரிந்தது. கரடிக்குப் பின்னால் உற்சாகத்தில் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்ற முள்ளம்பன்றியும் தெரிந்தது. இடது பக்கம் வெள்ளைக் கோடு. அவள் அந்தரத்திலேயே உடம்பை முறுக்கி, "கபடி கபடி கபடி" என்று முணுமுணுத்துக்கொண்டே கோட்டுக்குள் போய் விழுந்தாள். பின்னங்கால் மளுக்கென்று முறிந்தது.

ஆட்ட நடுவரான ஆமை விசிலை ஊதி, எட்டாவது ஆள் எப்படி உள்ளே வந்தது என்று கேட்டு, எதிரணிக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தது. விசில் அடங்குவதற்குள் நாரை ஐஸோடும் சிம்போடும் ஓடிவந்துவிட்டது. மேகலை அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். நாரை இங்கே தொட்டது, அங்கே தொட்டது, எல்லா இடத்துக்கும் ஒரே சிரிப்பு.

"சிரிக்காதீங்கம்மா," என்றது நாரை. "எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

கோஷ்டியில் சேர்ந்த பிறகு யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. மேகலை ஓவென்று அழுதாள். அழுத இடத்தில் நாரை கட்டுப் போட்டது. உடனே கட்டியதால் கால் தப்பியது.

அந்த ஒரு பாயிண்டில் இக்கரைக் காடு தோற்றது. கமிட்டி அவசரமாகக் கூடி, காடு இப்படித் தலைகுனியக் காரணம் என்ன என்று தீர விசாரித்தது. முயல் தவறான இடத்தில் விழுந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்தது. இனிமேல் கோஷ்டியினர் கோட்டுக்கு வெளியே மட்டுமே விழ வேண்டும் என்று உத்தரவு போட்டது. உள்ளன்போடு கைதட்டியதற்காகக் கரடிக்கு ஒரு பொன்னாடை. மேகலையை எட்டாவது ஆட்டக்காரர் என்று ஆமை அறிவித்தாகிவிட்டது. அதை மாற்றினால் நடுவர் தப்புச் செய்ததாக ஆகிவிடுமே. ஆகவே அவள் கபடி அணியிலேயே இருந்துவிட்டாள்.

அடுத்த வருடம் மேகலை மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில், நாரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் நொண்டினாலும் ஓட முடிந்தது. ஆட்டமே தெரியாதவளுக்கு ஐஸ் கட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கோட்டுக்கு வெளியே குரங்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. கீழே, ஏறுவதற்குத் தன் முறை வரக் காத்திருந்தது ஒரு தேவாங்கு. வாய் சிரித்தது. அந்தப் பெரிய கண்கள் இரண்டும் சிரிக்கவில்லை. முன்னால் அதே கரடி, தோளில் பொன்னாடையோடு. பின்னால் அதே முள்ளம்பன்றி, சரியான நேரத்துக்கு வந்திருந்தது.

மேகலை பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். அந்தத் தேவாங்கைப் பாருங்கள் என்று நாரையிடம் சொன்னாள். பார்த்தேன், வெளியே நிற்கிறதே என்று நாரை மறுபடி தலையைக் குனிந்தது.

மேகலை எழுந்தாள். பெஞ்சுக்கு அடியில் இருந்த, மைதானத்துக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடி டப்பாவை எடுத்தாள். பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே போனாள். பிறகு குரங்குகளையும் கரடியையும் முள்ளம்பன்றியையும் சுற்றிக்கொண்டு புதுக் கோடு போட்டாள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தான் போட்டாள். சுண்ணாம்பு டப்பா வைத்திருப்பவரை அந்தக் காட்டில் யாரும் ஏனென்று கேட்பதில்லை. வழியில் நின்ற காட்டெருமைகூடக் காலைத் தூக்கி இடம் விட்டது. கடைசியாகத் தேவாங்கின் காதருகே போய், மேலே போனதும் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே இரு என்றாள்.

தேவாங்கு மேலே போனது. உள்ளே புலி யாரையோ தொட்டது. கரடி கைதட்டியது.

நாரை ஒருமுறை கோட்டைப் பார்த்தது, ஒருமுறை மேகலையைப் பார்த்தது, பிறகு ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. தரையில் கிடந்த தேவாங்கு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மேகலை அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதே கண்ணு. எங்க வலிக்குதுன்னு சொல்லு."

அந்த வருடமும் இக்கரைக் காடு தோற்றது.

நீதி: கைதட்டுகிறவர்களை நம்பி மேலே ஏறாதீர்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், சுண்ணாம்பு டப்பா யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.