கார் ஷெட் உபகாரி

உபகாரிகளில் பல வகை உண்டு. கேட்டால் கொடுப்பவர் உண்டு, கேட்காமலே கொடுப்பவர் உண்டு, கொடுத்துவிட்டு மறந்தே போகிற அபூர்வப் பிறவிகளும் உண்டு. நாம் பார்க்கப்போகிறவர் இந்த மூன்றிலும் சேராதவர். அவர் உங்களிடம் காலணா வாங்க மாட்டார், நன்றிகூட எதிர்பார்க்க மாட்டார். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும், அவருக்கு வயிறு நிறைந்துவிடும். எண்பதுகளில் இந்த ரகத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டவர்கள் தாம்பரத்தில் இறங்கி, கிழக்கே சேலையூர்ப் பக்கம் நடந்து, "ஃபிரிட்ஜ் வீடு எதுங்க?" என்று கேட்டால் போதுமாக இருந்தது. சின்னக் குழந்தைகூடக் கை காட்டும்.

அந்த வீட்டுக்காரர் தனசிங். ஹார்பர் ஆபீசில் ஹெட் கிளார்க். வீடு கட்டும்போதே கார் ஷெட்டும் சேர்த்துக் கட்டியவர். கார் இருந்ததா என்று கேட்காதீர்கள். அது வருகிறபோது வரும். காருக்கு முன்னால் ஃபிரிட்ஜ் வந்தது. அவர் மனைவி ரத்தினபாய் சமையலறையில் ஒரு மூலையை ஒழித்து, கழுவி, துடைத்து வைத்திருந்தார். தனசிங் கூலிக்காரர்களுக்கு ஷெட்டைக் காட்டினார். சமையலறையில் புகை அதிகம், அடுப்புச் சூடு ஆகாது, லோ வோல்டேஜ், ஷெட்டில்தான் காற்றோட்டம் என்று காரணங்களை அடுக்கினார். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஷெட்டுக்குக் கம்பிக் கதவு. தெருவில் போகிற வருகிற ஒருவரும் ஃபிரிட்ஜைப் பார்க்காமல் தாண்ட முடியாது. சமையலறையில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? ரத்தினபாய் ஒருத்தர்தானே!

அன்று முதல் அந்த அம்மாள் ஒரு கரண்டிப் பால் வேண்டுமென்றாலும் கூடத்தைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, மழைக்காலமென்றால் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பால் பாத்திரமுமாக ஷெட்டுக்கு நடந்தார்.

பார்த்தால் மட்டும் போதுமா? உள்ளே ஏதாவது வைக்க வேண்டாமா? தனசிங் வாசலில் நின்று ஆள் பிடிக்க ஆரம்பித்தார்.

"என்ன லோகநாதன், கையில? மாவா? இந்த வெயில்ல வெளிய வச்சா பொங்கி வழிஞ்சிடுமே. கொண்டாங்க சார். ஒரு ஓரத்துல கெடக்கட்டும்."

ஒரு ஓரத்துல கெடக்கட்டும்! இந்த ஒரு வாக்கியத்தில் தெருவே விழுந்தது. எதிர்வீட்டு லோகநாதனின் இட்லி மாவு வந்தது. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் செல்லம்மாவின் மிச்ச மல்லிகை வந்தது. நாலாவது வீட்டு ஸ்ரீநிவாசராகவனின் தயிர்கூட வந்தது. ஆனால் மீன் வாசம் படாத இடம் என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் அவர் மனைவி பட்டு மாமி பாத்திரத்தை அனுப்பினார். ஆகையால் தனசிங் தன் ஃபிரிட்ஜில் தன் மீனுக்கே தடை போட்டார். வாங்குகிற வஞ்சிரத்தை ரத்தினபாய் அன்றன்றே குழம்பு வைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. ஃபிரிட்ஜ் வந்ததில் அந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம், தினமும் புது மீன்.

சாயங்காலம் மின்சார ரயிலில் வந்து இறங்குகிற மனிதர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே ஷெட்டுக்குப் போவார். ஃபிரிட்ஜைத் திறந்து, குனிந்து, ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் வீட்டுக்குள் வந்து செய்தி வாசிப்பார்.

"லோகநாதன் வீட்ல மாவு டபுளா இருக்கு. மச்சினன் குடும்பத்தோட வந்திருக்கான் போல. செல்லம்மா பூ அப்படியே மிச்சம், பாவம். பட்டு மாமி ரெண்டு நாளா தயிர் அனுப்பலியே, வீட்ல ஏதாவது பேச்சுவார்த்தை இல்லியா?"

கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. மனிதருக்கு உண்மையிலேயே அக்கறை. அக்கறைக்கும் வம்புக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறதே, அதை அவர் தினமும் தாண்டிக் குதித்தார், அவ்வளவுதான். பொருளை எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பாடமும் உண்டு: "சட்டுனு எடுங்க, சட்டுனு சாத்துங்க. கூலிங் போயிடும்." சொல்லிவிட்டு, அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுவார்.

நல்ல காலம் எத்தனை நாளைக்கு? தொண்ணூறு பிறந்ததும் தவணையில் ஃபிரிட்ஜ் விற்கிறவர்கள் தெருத் தெருவாக வந்துவிட்டார்கள். முதலில் லோகநாதன் வீட்டில் ஒன்று இறங்கியது. அப்புறம் பக்கத்து வீடு, அதற்கும் பக்கத்து வீடு. கடைசியில் ஸ்ரீநிவாசராகவனே வாங்கிவிட்டார். செல்லம்மாவும் ஸ்டேஷன் பக்கத்து ஜூஸ் கடையில் பூவை வைக்கத் தொடங்கினார். தனசிங் சாயங்காலம் ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு பால் பாத்திரமும் நாலு தண்ணீர் பாட்டிலும் அவரைப் பார்த்தன. தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை, ஒன்றும் தெரியவில்லை. மனிதர் நிஜமாகவே இளைத்துப்போனார்.

"இப்பவாவது சமையலறைக்குக் கொண்டாந்துரலாமா?" என்றார் ரத்தினபாய்.

"இருக்கட்டும். யாருக்காவது திடீர்னு தேவைப்படும்."

தேவைப்பட்டது! ஒரு ஞாயிற்றுக்கிழமை தனசிங் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து டையைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, ஸ்ரீநிவாசராகவன் இரண்டு பக்கமும் பார்த்தபடி ஷெட்டுக்குள் நுழைந்தார். கையில் ஒரு துணிப்பை. வாயைச் சணல் போட்டு இறுக்கக் கட்டியிருந்தது.

"தனசிங் சார், ஒரு ஒத்தாசை. ரெண்டு நாள் இது உங்க ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும். எங்காத்துல வைக்க முடியாது, அவாளுக்குத் தெரியவும் கூடாது. நீங்களும் பிரிக்கப்படாது. சரியா?"

"சார்! நான் எதுக்கு சார் பிரிக்கப் போறேன்? ஒரு ஓரத்துல கெடக்கட்டும்."

ஐயோ பாவம், தனசிங்! பட்டினி கிடந்தவன் முன்னால் இலையைப் போட்டு, பரிமாறி, தொடாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? பையைத் தூக்கிப் பார்த்தார். கனமும் இல்லை, லேசும் இல்லை. முகர்ந்தார். சில்லென்று மூக்கு மரத்ததுதான் மிச்சம். அழுத்தினார், ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சப்பை. கடைசியில் ஒரு யோசனை உதித்தது. ஃபிரீசரில் ஐஸ் கட்டியிருக்கிறது, ஃபிரிட்ஜை அணைத்துச் சுத்தம் பண்ண வேண்டும், அப்போது எல்லாவற்றையும் வெளியே எடுக்கத்தானே வேண்டும், எடுக்கிறபோது சணல் தானாக அவிழ்ந்தால் யார் என்ன செய்ய முடியும்?

சுவிட்சை அணைத்துவிட்டுப் பையோடு திரும்பினால், வாசலில் ரத்தினபாய்.

"பிரிச்சீங்கன்னா அவர் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டார். பிரிக்காட்டி திரும்ப வருவார். உங்களுக்கு எது வேணும்?"

தனசிங் சணல் முடிச்சை ஒரு முறை தடவிப் பார்த்தார். பிறகு பையை மேல் தட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டார். பிரிக்கவே இல்லை. சத்தியம். இந்த வகை உபகாரிகளில் இப்படி ஒரு தியாகம் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததாகக் கேள்வியில்லை.

ஆனால், இவ்வளவு பெரிய தியாகத்தைச் செய்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

திங்கட்கிழமை காலை, பிளாட்பாரத்தில் லோகநாதனிடம் ஆரம்பித்தார். "நம்பிக்கைன்னா அதான் சார். பைய குடுத்து, வீட்டுக்குத் தெரியக்கூடாது, பிரிக்காதீங்கன்னார். நான் பிரிக்கல."

"யார் சார்?"

"பேர் சொல்லக் கூடாது. நாலாவது வீடு, நெத்தியில நாமம். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

பிரித்துப் பார்த்திருந்தால் ஒருவருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கும். பிரிக்காததால் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. முட்டை என்றது ஒரு கட்சி. பீர் என்றது இன்னொன்று. சீட்டுக்கட்டு என்று முடிவு கட்டி, அதை எதற்கு ஃபிரிட்ஜில் வைக்கிறார் என்று ஒருவர் தனியாகக் குழம்பினார். அன்று சாயங்காலமே, சொந்த ஃபிரிட்ஜ் வைத்திருந்த ஜனங்களெல்லாம் பாத்திரமும் கையுமாக ஷெட் வாசலில் நின்றார்கள்.

"எங்க ஃபிரிட்ஜ்ல எடமே இல்ல சார்" என்று லோகநாதன் மாவுத் தூக்கை நீட்டியபடி மேல் தட்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ஐயரூட்டுப் பையாமே? உள்ள இன்னா கீது?" என்று செல்லம்மா நேராகவே கேட்டார்.

"வாங்க, வாங்க. சட்டுனு வைங்க, சட்டுனு சாத்துங்க." தனசிங்கின் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீநிவாசராகவன் வந்தபோது ஷெட்டில் கூட்டம் நெரிந்தது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள். அத்தனை மரியாதையாக வழிவிட்டதிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் பார்க்கலை, பார்க்கலைன்னு ஊர் பூரா சொல்றதுக்கு, பார்த்துட்டே சும்மா இருந்திருக்கலாமே, தனசிங் சார்!"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார். வீட்டுப் பக்கம் அல்ல, பஸ் ஸ்டாண்டுப் பக்கம். தனசிங்குக்கு உண்மையாகவே வெட்கமாகப் போயிற்று. அதற்குள் லோகநாதன் மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பாத்திரத்தைக் காலி செய்தார்கள். மேல் தட்டு வெறிச்சென்று கிடந்தது.

புதன்கிழமை காலை மேல் தட்டில் வேறொரு பை இருந்தது. மஞ்சள் பை. வாயைச் சணல் போட்டு இறுக்கக் கட்டியிருந்தது.

"இது யாருது சார்?" என்றார் லோகநாதன்.

"பேர் சொல்லக் கூடாது."

சாயங்காலத்துக்குள் மாவு திரும்பி வந்துவிட்டது. கூடவே நாலைந்து வீட்டுத் தயிரும் வந்தது. ரத்தினபாய் சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்: "கூட்டம் போனதும் உங்க ரகசியத்தை எடுத்துட்டு வாங்க. கத்திரிக்காக் குழம்பு வைக்கணும்."

இப்படிப்பட்டவர்களைப் பார்த்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நன்றாகச் சிரியுங்கள். ஆனால், மஞ்சள் பை கிடக்கட்டும், ஸ்ரீநிவாசராகவன் கொண்டுபோன பையில் என்னதான் இருந்தது, அதைச் சொல்லாமலே முடித்துவிடுவார்களோ என்று இவ்வளவு நேரமாக ஒரு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறதே, அது யாருடைய மனசு? உங்களுக்கும் வெறும் அக்கறைதான், தெரியும். உங்கள் வீட்டில் கார் ஷெட் இல்லாத வரைக்கும் உங்கள் தெரு பிழைத்தது.