மாப்பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோருடைய உடம்பும் சௌக்கியம், என் மானம் மட்டும் கொஞ்சம் படுத்த படுக்கை. அங்கே நீயும் அத்தானும் நலம் என்று நம்புகிறேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று யாரோ உன் காதில் போட்டு, நீ அழுதுகொண்டே பெட்டி கட்டுகிறாயாம். வேண்டாம், வராதே. பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். மாப்பிள்ளையின் வகுப்பில்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் மண்ணியல் துறையில் இந்த வருஷம் பத்துப் பேராவது தேறாவிட்டால் துறையை மூடிவிட்டு, அவரை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளைக்கு மாற்றிவிடுவார்களாம். மகள் போவாள், பேத்தியும் போவாள். பேத்தி இல்லாத வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன், நீயே சொல்லு. சேர்ந்ததோ எட்டுப் பேர். வயது வரம்பு கிடையாது என்று விளம்பரத்தில் பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

முதல் நாள் மாப்பிள்ளை உள்ளே வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பெண் கேட்டு வந்த அன்று என் எதிரில் உட்காரவே கூசியவர் அவர். அவருக்கு நான் எழுந்து நின்றேன் அக்கா! "உட்காருங்க மாமா"ன்னார். அன்றிலிருந்து வகுப்பே என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறது.

பல்கலைக்கழகத்தின் வரலாறுதான் முதல் பாடம். ஆரம்பத்தில் அது ஒற்றை அறை மண் பரிசோதனை நிலையமாம். விவசாயிகள் துணியில் மண்ணை முடிந்துகொண்டு வந்து, இதில் என்ன விளையும் என்று கேட்பார்களாம். பிறகு நில அளவை வகுப்பு ஒரு மூலையில் இடம் கேட்டு வந்தது, செவிலியர் பயிற்சி வந்தது, சாயங்காலச் சட்ட வகுப்பு வந்தது, கணினி வந்தது, ஓட்டல் நிர்வாகம் வந்தது. வந்தவர்களெல்லாம் மாடி மேல் மாடி கட்டிக்கொள்ள, வீட்டுக்காரரான மண்ணியல் இப்போது மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. முத்திரையில் மட்டும் இன்னும் மண்வெட்டி. ஓட்டல் நிர்வாகப் பிள்ளைகள் அதைக் கரண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து வழக்கப்படி மாணவர் ஒவ்வொருவரும் தன் வீட்டு மண்ணைக் கொண்டுவர வேண்டும். வருஷம் பூரா அதைத்தான் ஆராய வேண்டும், பரீட்சையும் அதில்தான். நாங்களோ நாலாவது மாடி. என் வீட்டுக்காரி கீழே போய், காவல்காரரிடம் கெஞ்சி, கல்லும் கண்ணாடித் துண்டுமாக ஒரு டப்பா அள்ளிவந்தாள். நான் விடுவேனா? பால்கனி ரோஜாத் தொட்டிக்கென்று கடையில் வாங்கிய மூட்டையைப் பிரித்தேன். கருகருவென்று, பஞ்சு மாதிரி! மாப்பிள்ளை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வேற கொண்டு வரீங்களா மாமா?"ன்னார். "ஏன், மாமனார் மண்ணு உசத்தியா இருக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். பாவம், அது மேல என் பேரை எழுதி ஒட்டிட்டுப் போயிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் வீட்டுக்காரி நோட்டைக் காட்ட மாட்டேங்கிறா. நான் யாருக்காக இந்தப் பாடு படுகிறேனோ, அந்தப் பேத்தியே "தாத்தா ஹோம்வொர்க் பண்ணல"ன்னு அவ அப்பாகிட்ட போட்டுக் கொடுக்கிறா.

பரீட்சை முடிந்தது. அமர்க்களமாக எழுதியிருக்கிறேன். துறை பிழைத்த மாதிரிதான். ஆகவே நிம்மதியாக இரு, கிளம்பாதே. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி (முதலாம் ஆண்டு)

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது. ஒன்பது பேர் பாஸ், என் வீட்டுக்காரி முதலிடம். நான் பூஜ்யம். அந்த மூட்டையில் நார்த்தூளும் மரத்தூளும்தானாம். பேருக்குக்கூட மண் கிடையாதாம். வருஷம் பூரா நான் ஆராய்ந்தது அதைத்தான்! மாப்பிள்ளையிடம் கத்தித் தீர்த்தேன். "என்னை மாத்தினாலும் மாத்தட்டும் மாமா, இல்லாத மண்ணுக்கு எப்படி மார்க் போடுவேன்?"ன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். மறுபரீட்சை அடுத்த வாரம். அக்கா, முதல் வண்டியில் புறப்பட்டு வா. அப்பா வீட்டுக் கொல்லையில் என் பங்கு எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேனே, அதில் ஒரு டப்பா மட்டும் அள்ளிக்கொண்டு வா. கல்லைப் பொறுக்கிப் போட்டுவிடாதே.