வேப்பிலைக்குப் பிடித்த பேய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகிறவன் தினமும் ஊதுகிறான். குடித்திருக்கிறானா என்று பார்க்க செக்யூரிட்டி குழாயை நீட்டுவார். ஊதினால்தான் கேட் திறக்கும். மெஷின் சொன்னால் மறுபேச்சு கிடையாது. இந்தப் பழக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள், ஊதல் சாமி.

பைபாஸ் ஓரத் தகர ஷெட்டில் ஞாயிறுதோறும் அவர் தரிசனம். வரிசை பஜ்ஜிக் கடையைத் தாண்டும். திருநீறு பூசியவரும் சிலுவை போட்டவரும் ஒன்றாக நிற்பார்கள். மூச்சுக்கு மதம் கிடையாது; ஏமாறுவதற்கும் கிடையாது.

சாமி தெளிந்த தண்ணீரும் ஸ்ட்ராவும் தருவார். ஊதினால் தண்ணீர் பாலாக வெளுக்கும். "நெஞ்சுல பேய்" என்பார். பூஜை செய்து, வேப்பிலை வீசி, இரண்டாவது டம்ளர் தருவார். வெளுக்காது. பேய் போயிற்று. வாடகைக்கு இருப்பவர்கள்கூட இவ்வளவு வேகமாகக் காலி செய்ததில்லை.

இரும்பாலையில் தூசி கூட்டும் அங்காளம்மாளுக்கு வீசிங். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து இழுக்க ஆஸ்பத்திரியில் பம்பு கொடுத்திருந்தார்கள். "ஆஸ்பத்திரி பம்புதான் பேய்க்குத் தீனி. உண்டியல்ல போடு" என்றார் சாமி. போட்டாள். ஒரே வாரத்தில் பத்தடி நடக்க இரண்டு முறை நின்றாள்.

"வேற பம்பு வாங்கியாரட்டாம்மா?" என்றாள் மகள் கவிப்பிரியா. பெயின்ட் கம்பெனி லேபில் வேலை பார்ப்பவள்.

"வாணாம்டி... சாமி... கோச்சுக்கும்."

கவிப்பிரியா வாதாடவில்லை. பெரியபாளையத்தில் அம்மா வாங்கி வந்து வாசலில் நட்ட வேப்பங்கன்றில் ஒரு கொத்தை ஒடித்து ஜாடியில் போட்டாள். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி உள்ளே வைத்தாள். இறுக மூடிக் கறுப்புத் துணியைப் போர்த்தினாள். ஞாயிறு விடிந்தபோது தண்ணீர் வெளுத்திருந்தது. டம்ளரோடும் அம்மாவோடும் கிளம்பினாள்.

"சாமி, எங்க ஊட்ல ஒர்த்தரோட மூச்சு இது. அவரால நடக்க முடியாது."

சாமி டம்ளரை உற்றுப் பார்த்தார். "ரத்தக்காட்டேரி. குடிப்பானா?"

"தெனமும் ரெண்டு சொம்பு."

"மூணு நாள்தான் தாங்குவான். பெரிய பூஜை போடணும்."

கவிப்பிரியா பையிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினாள். "இவர்தான் சாமி அவரு. நீங்க வீசறீங்களே, அதே வேப்பிலை."

கூட்டம் சாமியின் கையைப் பார்த்தது. சாமி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"எலையும் மூச்சு வுடும், இருட்டுல மூடி வெச்சா தெரியும். மூச்சுல வர்ற கரியமில வாயு பட்டா சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கும். யாரு ஊதுனாலும் வெளுக்கும். நீங்க ஊதுங்க."

"நான் முனிவன். ஊதக்கூடாது."

வரிசையில் முதலில் நின்ற லோடுமேன் அரசப்பன் ஸ்ட்ராவை நீட்டினான். "கேட்டுல நாங்க ஊதல? ஊது, நைனா."

சாமி ஊதினார். வெளுத்தது. பூஜையே செய்யாத அரசப்பன் இரண்டாவது டம்ளரில் ஊதினான். வெறும் பைப்புத் தண்ணீர். எவ்வளவு ஊதியும் அப்படியே இருந்தது.

உண்டியலைக் கவிழ்த்தார்கள். சில்லறையோடு பதினேழு பம்புகள் உருண்டன. பேர் எழுதிய தன் பம்பைக் கண்டுபிடித்து அங்காளம்மாள் இரண்டு முறை இழுத்தாள். நெஞ்சு நிறைய மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இந்தாளு கால்ல வேற வுழுந்தனே."

டம்ளர் வெளுத்தால் பயப்படாதீர்கள். உயிரோடு இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஊதச் சொல்கிறவனிடம் டம்ளரில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கும் மூச்சு வேண்டும். அது இருக்கும்போதே கேளுங்கள்.